பாங்கோ: பெஞ்சிலிருந்து பேங்க் வரை வந்த ஒரு சொல்

சென்ற மாதம் கீரப்பாளையம் கடைத்தெருவில் நமது சங்க உறுப்பினர் ஒருவருடைய மளிகைக் கடையில் அமர்ந்திருந்தோம். மாலை நேரம். சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் பஸ் நின்று கிளம்பிய தூசி அடங்கவில்லை. அவருடைய மகன் மேல்படிப்புக்காக இத்தாலி நாட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பிள்ளையிடமிருந்து போன் வந்தது. பெரியவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"சாப்பிட்டியாப்பா?"

"காபி குடிச்சேம்ப்பா. இங்க பாங்கோவுல குடிச்சா விலை கம்மி. டேபிள்ல உக்காந்தா ஜாஸ்தி."

பெரியவருக்கு விளங்கவில்லை. "ஏண்டா, பேங்க்குல போயா காபி குடிக்கிற?" என்று கேட்டார். எடுபிடிப் பையன் முதல் எண்ணெய் வாங்க வந்த அம்மா வரை எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் தவறொன்றும் இல்லை என்பதை வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உணர்ந்தோம். பிள்ளை சொன்ன சொல்லும் தகப்பனார் சொன்ன சொல்லும் ஒன்றேதான். இந்த ஒரு சொல்லின் பின்னால் போனால் அது நமது கல்லாப் பெட்டி வரை வந்து நிற்கிறது. ஆகவே இந்த இதழில் இதைப் பற்றியே எழுதலாம் எனத் துணிந்தோம்.

இத்தாலிய மொழியில் 'பாங்கோ' என்றால் முதற்பொருள் பெஞ்சு, நீளப் பலகை. ஜெர்மானியக் குலங்கள் இத்தாலிக்குள் வந்து குடியேறிய காலத்தில் அவர்களோடு வந்த சொல் அது. ஆங்கிலத்தின் 'பெஞ்ச்' என்பதும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் மேசையும் பாங்கோ. கடையில் நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இருக்கும் கவுண்டரும் பாங்கோ. சந்தையில் மீன் விற்பவர் மீனைப் பரப்பி வைக்கும் பலகையும் பாங்கோ. வேடிக்கை என்னவென்றால், கடலில் கூட்டமாகப் போகும் மீனுக்கும் அங்கே 'மீன் பாங்கோ' என்றே பெயர். நமது பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர் 'மீன் கூட்டம்' என்பார். இத்தாலியர் அதே காட்சியை மீன் பெஞ்சு என்கிறார். ஆற்று முகத்தில் சேரும் மணல் திட்டும் பாங்கோ. மார்கழி விடியலில் வயலின் மேல் படுத்திருக்கும் பனிமூட்டமும் பாங்கோ. நீளமாகவும் திரளாகவும் படிந்து கிடப்பது எதுவானாலும் இந்தச் சொல் பொருந்திக்கொள்ளும் போலிருக்கிறது.

கடைக்காரர் காதுக்கு இனிக்கும் வழக்குகளும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் நேரே வாங்கக்கூடிய மாத்திரையை 'பாங்கோ மருந்து' என்பார்கள். பில் இல்லாமல் ரகசியமாகக் கைமாறும் சரக்கையும் பணத்தையும் 'பாங்கோவுக்கு அடியில்' என்பார்கள். நாம் 'மேசைக்கு அடியில்' என்கிறோம். ஆக, ஊழலுக்கு மட்டும் உலகம் பூராவும் ஒரே தளவாடம்தான்! சூதாட்டத்தில் பணத்தை வைத்து ஆட்டத்தை நடத்துபவரும் பாங்கோதான். நாலு பேர் கூடிய இடத்தில் பிறரைப் பேசவிடாமல் தானே பேசிக்கொண்டிருப்பவரை 'பாங்கோ பிடித்தவர்' என்று சொல்வது அங்கே வழக்கம். நமது சங்கப் பொதுக்குழுவிலும் அப்படிச் சிலர் உண்டு; பெயர் வேண்டாம்.

காபி விஷயத்துக்கு வருவோம். அங்கே பல காபிக் கடைகளில் முதலில் 'காஸ்ஸா' என்னும் இடத்தில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு அந்தச் சீட்டோடு பாங்கோவுக்கு வந்து நின்றபடியே காபியைக் குடித்துவிட்டுப் போகலாம். மேசையில் உட்கார்ந்து, பணியாளர் கொண்டுவந்து வைத்தால் பெரிய ஊர்களில் விலை கூடும். நமது டீக்கடையில் பெஞ்சு என்றால் உட்காரும் இடம். ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பேப்பர் படித்தாலும் தனிக் காசு கிடையாது. அங்கே அதே பெஞ்சின் பெயரால் மனிதரை நிற்க வைக்கிறார்கள். இடத்துக்கும் ஏவலுக்கும் தனி விலை போடும் அந்தக் கணக்கு நமது ஊரில் செல்லுமா என்பது சந்தேகமே.

'காஸ்ஸா' என்றவுடன் நமது 'காசு' நினைவுக்கு வரும். இரண்டும் உறவா என்றால், இல்லை. காஸ்ஸா என்பது பெட்டி. பணம் வைக்கும் பெட்டியின் பெயரே நாளடைவில் உள்ளே இருந்த பணத்துக்கும் ஆகி, ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றாயிற்று. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' உண்டு. அது சிறு நாணயம். அந்த கேஷ் நமது தமிழ்க் காசிலிருந்து போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனது. கம்பெனி ஆட்சியில் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 1818-ல் ரூபாய்க் கணக்குக்கு மாறும் வரை அந்தக் கேஷ் ஏடுகளில் இருந்தது. பெட்டி ஒன்று, நாணயம் ஒன்று. இரண்டும் ஒரே உச்சரிப்பில் ஒரே கல்லாவில் வந்து விழுந்திருக்கின்றன.

இந்தப் பெஞ்சு எப்படி பேங்க் ஆயிற்று? இடைக்கால இத்தாலியில் ஒவ்வொரு நகருக்கும் ஒவ்வொரு நாணயம். வெனிஸ், ஜெனோவா, புளோரன்ஸ் ஆகிய ஊர்களுக்குச் சரக்கு கொண்டுவரும் வியாபாரி முதலில் நாணயத்தை மாற்றியாக வேண்டும். அதற்காகச் சந்தைத் திடலில் சிலர் ஒரு பெஞ்சைப் போட்டு, தராசையும் பணப்பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுவதில் தொடங்கி, பிறருடைய பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு ஏட்டிலேயே மாற்றுவது, கடன் கொடுப்பது என்று தொழில் வளர்ந்தது. மனிதர் எழுந்து போய் மாளிகைக்குள் உட்கார்ந்த பிறகும் பெஞ்சின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜெனோவாவில் 1407-ல் தோன்றிய பெரிய நிறுவனத்தின் பெயரே 'பாங்கோ' என்றுதான் தொடங்கும். இன்று அங்கே பொதுவாக பேங்குக்கு 'பாங்கா' என்பார்கள். ஆனால் சில பெரிய வங்கிகள் இன்னமும் 'பாங்கோ' என்ற பழம்பெயரை விடவில்லை.

நம்மிடமும் இதற்கு ஈடான சொல் இல்லாமல் இல்லை. 'பட்டறை' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கொல்லன் பட்டறை, நகைப் பட்டறை என்றால் வேலை செய்யும் இடம். வெங்காயப் பட்டறை என்றால் சரக்கைக் குவித்துக் காற்றோட்டமாக வைக்கும் இடம். கல்லாப் பட்டறை என்றால் முதலாளி உட்காரும் இடம். இப்போது படித்தவர்கள் 'பயிற்சிப் பட்டறை' என்று இரண்டு நாள் கூட்டம் போடுகிறார்கள். 'கல்லா' என்பதும் அப்படியே. வடக்கே 'கல்லா' என்றால் தானியம். அதுவே பணப்பெட்டிக்கும் பெயராகி நம்மிடம் வந்து சேர்ந்தது. குவிந்த நெல்லும் குவிந்த பணமும் ஒரே பெயரில் இருப்பது நமது கீரப்பாளையம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு வட்டாரத்து வியாபாரிக்குப் புதுமையல்ல. வீராணத்துத் தண்ணீர் வந்து நெல் வீடு சேர்ந்தால்தானே நமது பற்று வரவு நேராகிறது!

அந்த இத்தாலியப் பெஞ்சும் தமிழுக்குள் பல வழியாக நுழைந்திருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாக வந்தவை பெஞ்சும் பேங்கும்; பேங்கை நாம் 'வங்கி' என்று தமிழ் உருவில் ஆக்கிக்கொண்டோம். பெண்கள் மேற்கையில் அணியும் நகைக்கும் வங்கி என்று பெயர் இருப்பதால், 'வங்கியை வங்கியில் வைத்தாள்' என்று சொன்னால் நமக்குப் புரியும், வெளியூர்க்காரர் விழிப்பார். பழைய பத்திரிகைகளில் 'பாங்கு' என்று எழுதினார்கள். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் இருக்கும் நமது இஸ்லாமிய வணிகச் சகோதரர்களுக்குப் பாங்கு என்றால் தொழுகைக்கு அழைக்கும் குரல்; அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல்.

இலங்கையில் வேறு கதை. யாழ்ப்பாணத்து வீடுகளில் பெஞ்சை 'வாங்கு' என்பார்கள். 'வாங்கில் இருங்கோ' என்று உபசரித்தால், எதை வாங்கச் சொல்கிறார்கள் என்று நமது கடைக்காரர் திகைக்க வேண்டாம், உட்காரத்தான் சொல்கிறார்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'பாங்கோ'. அந்த மொழியிலும் சொல் அதேதான். அங்கே இன்னொரு சொல்லும் புழங்குகிறது: 'வங்குரோத்து'. கடன் கட்ட முடியாமல் கையை விரித்த நிலைக்கு அந்தப் பெயர். 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தச் சொல்லைக் காணாத நாளில்லை.

வங்குரோத்து என்பதைப் பிரித்தால் இத்தாலியப் பெஞ்சு அப்படியே கிடைக்கும். 'பாங்கா ரோத்தா' என்றால் உடைந்த பெஞ்சு. போர்த்துக்கீசியர் 'பாங்கரோத்தா' என்றும், டச்சுக்காரர் 'பாங்க்ரூட்' என்றும், ஆங்கிலேயர் 'பாங்க்ரப்ட்' என்றும் அதை எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுக்க முடியாதவனுடைய பெஞ்சைச் சந்தையில் எல்லோரும் கூடி உடைப்பார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. உண்மையிலேயே கோடாலி எடுத்து உடைத்தார்களோ இல்லையோ, உடைவதைக் கொண்டு நஷ்டத்தைச் சொல்வது நமக்கும் இயல்புதான். 'நொடித்துப் போனார்' என்கிறோம். நொடிதல் என்றாலும் ஒடிதல்தான். 'வியாபாரம் முறிந்தது' என்கிறோம். 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்', 'ஐ.பி. போட்டுட்டான்' என்பவை கோர்ட்டு வாசலில் பிறந்த வழக்குகள்.

சரி, சொல்லாராய்ச்சி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அன்று போனை வைத்த பிறகு பெரியவர் நம்மிடம் ஒரு விஷயம் சொன்னார். பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த ஆறு லட்சம் ரூபாயை, நூற்றுக்கு இரண்டு வட்டி தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில் போட இருக்கிறாராம். "எந்த இடம்?" என்றோம். "பேங்க்குதான். போர்டுலேயே பேங்கர்ஸ்னு போட்டிருக்கு" என்றார். காபி குடிக்கும் பலகையையும் பேங்கையும் அவர் குழப்பியபோது எல்லோரும் சிரித்தோம். இந்தக் குழப்பத்தைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை.

நாமும் ஒரு காலத்தில் அப்படி ஏமாந்தவர்தாம். 1990-களின் நடுவில், வருடத்துக்கு 24, 30 சதவீதம் என்று ஆசை காட்டிய ஒரு பைனான்ஸ் கம்பெனியில் பத்தாயிரம் ரூபாய் கட்டினோம். குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு, டை கட்டிய இளைஞர். ஆறு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. ஏழாம் மாதம் போனபோது கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் நம்மைப் போன்ற கடைக்காரர்கள். தமிழ்நாடெங்கும் இப்படிப் பலர் அழுத பிறகுதான் 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் என்று தனிச் சட்டமே வந்தது. சொத்தை முடக்கவும் தனிக் கோர்ட்டில் வழக்கு நடத்தவும் அது வழி செய்தது. ஆனால் பணம் போன பிறகு வரும் சட்டம் அது.

பெஞ்சு உடைவதும், அதற்குப் பிறகு வேலி கட்டுவதும் பழைய பழக்கம்தான். வெனிசில் 1584-ல் பிசானி, தியெப்போலோ குடும்பங்களின் பேங்க் முறிந்தது. தனியாரை நம்பிப் பயனில்லை என்று 1587-ல் ரியால்டோ சந்தைத் திடலில் அரசுப் பொறுப்பில் ஒரு பாங்கோவைத் திறந்தார்கள். நமது சென்னையில் 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. வெள்ளைக்காரத் துரைமாரின் கம்பெனி, அசையாது என்று நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் ஏராளம். ஓய்வூதியக்காரர், விதவைகள், வியாபாரிகள் என்று பலருடைய சேமிப்பும் போயிற்று. அதன் சூடு ஆறுவதற்குள் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, நகரத்தார் கைகொடுக்க, 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் பேங்க் தொழில் தொடங்கியது. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் வீழ்ந்தது. அதையொட்டி 1962-ல் டெபாசிட் இன்சூரன்ஸ் ஏற்பாடு வந்தது. அன்று ஒருவருக்கு ரூ. 1,500 வரைதான் காப்பு. 1993-ல் அது ஒரு லட்சமாயிற்று. 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம்.

இந்த வேலிகளில் ஒன்று சொல்லின் மேலேயே போட்ட வேலி. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பேங்க் அல்லாத கம்பெனி 'பேங்க்', 'பேங்கர்', 'பேங்கிங்' என்ற சொற்களைப் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. 2021 நவம்பரில் ரிசர்வ் பேங்க், சில கூட்டுறவுச் சங்கங்கள் பேங்க் என்ற சொல்லைப் பெயரில் சேர்த்துக்கொள்வது பற்றியும், உறுப்பினர் அல்லாதவரிடம் டெபாசிட் வாங்குவது பற்றியும் பொதுமக்களை எச்சரித்தது. ஒரு சாதாரண பெஞ்சின் பெயருக்கு இவ்வளவு காவல்! அடகுக் கடைக்குத் தனிச் சட்டமும் லைசென்சும் உண்டு. நகையை வைத்துக் கடன் வாங்க அது போதும். அந்த லைசென்சை வைத்துக்கொண்டு நமது டெபாசிட்டை வாங்கினால் அதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. நிதிக் கம்பெனிக்கும் கிடையாது, சீட்டுக் கம்பெனிக்கும் கிடையாது. நமது ஊர்ப் பக்கம் விவசாயிகள் வாய்க்கு வாய் 'பேங்க்' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் இந்த ஐந்து லட்சம் காப்பு பொருந்தாது. சங்கத்தைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பயிர்க் கடனும் உரமும் நகைக் கடனும் அங்கேதான் கிடைக்கின்றன. காப்பு எங்கே உண்டு, எங்கே இல்லை என்று தெரிந்து போட வேண்டும் என்பதற்காகச் சொன்னோம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு பேங்குக்கு அந்தக் காப்பு உண்டு.

கடைக்காரர் பலரும் கவனிக்காத ஒன்று. ஒரே பேங்கில் கடையின் பெயரில் நான்கு லட்சமும், சொந்தப் பெயரில் மூன்று லட்சமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு நீங்கள் ஒருவரே உரிமையாளர் என்றால் இரண்டையும் சேர்த்து ஏழு லட்சமாகத்தான் கணக்கிடுவார்கள். காப்பு ஐந்துக்கு மட்டுமே. இரண்டு லட்சம் வெளியே நிற்கும். கிளைகள் சிதம்பரத்தில் ஒன்று, புவனகிரியில் ஒன்று என்று வேறாக இருந்தாலும் பேங்க் ஒன்றே என்றால் கணக்கு ஒன்றே. வட்டியும் அந்த ஐந்துக்குள்தான் அடக்கம். கூட்டு வியாபாரமாக இருந்து, பங்குதாரர் நிறுவனத்தின் பெயரில் கணக்கு இருந்தால் அதைத் தனியாகப் பார்ப்பார்கள். மனைவி பெயரில் உள்ளதும் தனி. வேறு பேங்கில் உள்ளதும் தனி. பேங்க் நொடித்து, ரிசர்வ் பேங்க் பணம் எடுக்கத் தடை போட்டால், காப்புத் தொகையை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதற்கு முன் வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

இதையெல்லாம் பெரியவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அப்போ அந்த ரெண்டு வட்டி?" என்றார். அதற்கு நாம் பதில் சொல்லவில்லை. மறுநாள் அந்த இடத்துக்கே போய், "டெபாசிட் வாங்க எந்த லைசென்ஸ் வெச்சிருக்கீங்க, டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். "உங்க ஊர்ல நாலு பேர் போட்டிருக்காங்களே, அவங்களெல்லாம் கேக்கலியே" என்று பதில் வந்ததாம். பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மூன்று லட்சத்தை ஒரு பேங்கில் தன் பெயரிலும், மூன்று லட்சத்தை இன்னொரு பேங்கில் மனைவி பெயரிலுமாகப் போட்டாயிற்று. வட்டி குறைவுதான், அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகன் மறுபடி போன் செய்தாராம். "அப்பா, நம்ம கடை பாங்கோ எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "ஒரு கால் ஆடுது. ஆசாரிய வரச் சொல்லியிருக்கேன்" என்றாராம் பெரியவர்.